கோமதிக்கு எத்தனை எழுத்து? ஒரு சந்தாப் பட்டியலின் நிகழ்வு ஆய்வு

திருவல்லிக்கேணியில் பாரதி சாலையை ஒட்டிய ஒரு சந்து. அங்கே ஒரு மாடி அறையிலிருந்து ஒரு தமிழ் மாத இதழ் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கிறது. ஆசிரியர், மெய்ப்புப் பார்க்கும் ஐயா, சந்தாக் கணக்கு எழுதும் அக்கா, இவ்வளவுதான் ஆட்கள். நான் பகலில் அண்ணா சாலையில் வேறு வேலை பார்க்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை இங்கே வந்து கணினி வேலைகளைக் கவனித்துக்கொள்கிறேன். முறையாக நிரலாக்கம் படித்தவனில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியில் சின்னச் சின்ன ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல்கள், எழுதுவேன். மாட்டிக்கொண்டால் இணையத்தில் மற்ற நிரலாளர்களிடம் கேட்பேன்.

சென்ற ஆண்டு இங்கே செய்த ஒரு வேலையை முழுதாக எழுதிவைக்கிறேன். தமிழ்ப் பெயர்ப் பட்டியல் வைத்திருக்கும் எவருக்கும் இது வரும். பள்ளிக்கூடம், வாசகசாலை, குடியிருப்போர் சங்கம், கோயில் நன்கொடைக் கணக்கு, எதுவானாலும் சரி. எனக்குத் தேவைப்பட்டபோது இதைத் தமிழில் யாராவது எழுதியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். வாசகர்களின் இனிஷியலையும் முகவரியையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். எண்ணிக்கைகள் உள்ளபடியே.

வேலை என்ன

இதழை அனுப்ப லேபிள் அச்சிடும் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் 1,426 பேர். அது ஆதியில் ஒரு டிடிபி நிலையத்தில் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டு, பிறகு ஏதோ ஒரு மாற்றி மூலம், உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடுக்கு வந்தது. இன்னொன்று அக்கா எக்செல்லில் எழுதும் ரசீதுப் பட்டியல். இந்த ஆண்டு சந்தா கட்டியவர்கள் மட்டும், 1,391 பேர். லேபிள் கோப்பில் இருந்தும் ரசீதில் இல்லாதவர் யார் என்று பார்த்து, அவர்களுக்கு ஒரு நினைவூட்டல் அட்டை போட வேண்டும். கேட்டால் அரைமணி நேர வேலை.

தொலைபேசி எண்ணை வைத்து ஒப்பிட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழைய லேபிள்களில் தொலைபேசி எண்ணே கிடையாது. பெயரும் முகவரியும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடும்தான் உண்டு. அதனால் பெயர், அஞ்சல் குறியீடு, கதவு எண் மூன்றையும் சேர்த்து, ஒப்பிடுவதற்கான ஒரு சாவியாக வைத்தேன். கதவு எண்ணைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. மேற்கு மாம்பலம் 600033-இல் ஒரே இனிஷியலோடு இரண்டு லட்சுமி இருக்கிறார்கள், இரண்டு பேரும் சந்தாதாரர்கள்.

141 என்ற பைட்டு

முதல் ஓட்டத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது. 17-ஆம் இடத்தில் உள்ள பைட்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி. பைட்டு என்பது கோப்பில் எழுத்துகள் சேமிக்கப்படும் சிறு அலகு, 0 முதல் 255 வரை ஒரு எண். அந்தப் பைட்டின் மதிப்பைப் பதினாறடிமானத்தில் சொன்னது. நம் கணக்கில் அது 141.

இதன் விடை எளிதாகக் கிடைத்தது. விண்டோஸில் எந்தக் குறியாக்கம், அதாவது எந்தப் பைட்டு எந்த எழுத்து என்ற அட்டவணை, என்று சொல்லாமல் கோப்பைத் திறந்தால், எங்கள் கணினியில் பைத்தான் அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய குறியாக்கத்தில்தான் படித்தது. நம் கோப்போ யூடிஎஃப்-8, யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் முறை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் அதில் மூன்று பைட்டு. புள்ளிக்கு உரிய மூன்று பைட்டுகள் 224, 175, 141. அந்த ஐரோப்பிய அட்டவணையில் 141 என்ற இடம் காலி. ஆக மெய்யெழுத்து வந்த இடத்தில் ஸ்கிரிப்ட் விழுகிறது. கோப்பின் முதல் தலைப்பே ‘பெயர்’. அதன் கடைசிப் புள்ளியிலேயே விழுந்துவிட்டது.

குறியாக்கத்தை வெளிப்படையாக எழுதியதும் கோப்பு திறந்தது, உடனே அடுத்த பிழை. ‘பெயர்’ என்ற பத்தியே இல்லை என்றது. திரையில் கண்ணெதிரே இருக்கிறது. தலைப்புகளைப் பட்டியலாக அச்சிட்டுப் பார்த்தபோது ‘பெயர்’ என்பதற்கு முன்னால் ஒரு மறைகுறி ஒட்டிக்கொண்டிருந்தது. யூடிஎஃப்-8 கோப்பு என்று காட்டுவதற்காக எக்செல் கோப்பின் தலையில் வைக்கும் மூன்று பைட்டு அது. பைத்தானில் அதை விழுங்கிவிடும் குறியாக்கப் பெயர் தனியாக உண்டு, யூடிஎஃப்-8-சிக் என்று. அதைப் போட்டதும் சரியாகிவிட்டது.

பின்னால் யோசித்தபோது ஒன்று புரிந்தது. ப, ஒற்றைக்கொம்பு, ய, ர நான்குக்கும் 12 பைட்டு. பிறகு புள்ளியின் மூன்று. சுழியத்திலிருந்து எண்ணினால் 141 என்பது 14-ஆம் இடத்தில் வர வேண்டும். செய்தி 17 என்று சொன்னது. அந்த மூன்று பைட்டு மறைகுறியைப் பிழைச் செய்தி முதல் நாளே காட்டிக்கொடுத்திருக்கிறது. நான் எண்ணிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் பிழைச் செய்தியில் எண் இருந்தால் அதை எண்ணிப் பார்க்காமல் நகர்வதில்லை.

கேட்கத் தெரியாமல் கேட்டது

ஸ்கிரிப்ட் முழுதாக ஓடியது. சந்தா கட்டாதவர்கள் 417 பேர் என்று பட்டியல் தந்தது. அதை அச்செடுத்து அக்காவிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைக்கூட முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இந்தக் கோமதியம்மா போன மாசமே கட்டிட்டாங்கப்பா. ரசீது போட்டதே நான்தான்.”

“ரசீதுப் பட்டியல்ல தேடிப் பாத்துட்டேன்க்கா. மெஷின் இல்லைன்னுதான் சொல்லுது.”

அக்கா எழுந்து வந்து திரையில் விரல் வைத்துக் காட்டினார். லேபிள் கோப்பில் கோமதி. ரசீதுப் பட்டியலில் கோமதி. அதே கதவு எண், அதே 600014. இரண்டும் சமமா என்று பைத்தானைக் கேட்டால் இல்லை என்கிறது.

அன்று இரவு இணையத்தில் உதவி கேட்டு எழுதினேன். என்ன எழுதினேன் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘இரண்டு தமிழ்ப் பட்டியல் ஒப்பிடும் ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை’ என்று தலைப்பு. கீழே 140 வரி நிரல் மொத்தமும். கூடவே இரண்டு கோமதியும் தெரியும்படி திரையைப் பிடித்த ஒரு படம். இரண்டு நாள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் சுருக்கமாக எழுதினார். படத்தை ஓட்டிப் பார்க்க முடியாது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு சொற்களை மட்டும் எடுத்து, இரண்டின் நீளத்தையும், ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிட்டுப் போடுங்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம்.

முதலில் கோபம்தான் வந்தது. தமிழ் தெரியாதவர் இதில் என்ன சொல்லிவிடப் போகிறார்? இருந்தாலும் உட்கார்ந்து வெட்டினேன். கோப்புத் திறப்பது போயிற்று. லேபிள் வடிவமைப்பு போயிற்று. அஞ்சல் குறியீடு போயிற்று. கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. லேபிள் கோப்பிலிருந்து ஒரு கோமதி, ரசீதிலிருந்து ஒரு கோமதி, அவற்றின் நீளம், எண்கள்.

அந்த ஆறு வரியை இன்னொருவருக்கு அனுப்புவதற்கு முன்பே நான் ஓட்டிப் பார்க்க வேண்டுமல்லவா? ஓட்டினேன். ஒரு கோமதியின் நீளம் 5. இன்னொரு கோமதியின் நீளம் 6.

ஐந்தும் ஆறும்

நம் இலக்கணப்படி கோ, ம, தி மூன்றெழுத்து. கணினிக்கு அப்படியில்லை. 1991-இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், 2944 முதல் 3071 வரை. அதில் க ஒரு குறி, ஓகாரக் குறி ஒரு குறி, ம ஒன்று, த ஒன்று, இகரக் குறி ஒன்று. ஆக ஐந்து. ரசீதுக் கோமதி அப்படித்தான் இருந்தாள். 2965-க்குப் பிறகு 3019.

லேபிள் கோமதியில் 2965-க்குப் பிறகு 3015, அப்புறம் 3006. அதாவது இரட்டைக்கொம்பு தனியாக, துணைக்கால் தனியாக. திரையில் வரையும்போது எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி ‘கோ’ என்று வரைந்துவிடுகிறது. கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பாமினியில் ஓகாரத்துக்குத் தனி விசை இல்லை. கொம்பை அடித்து, எழுத்தை அடித்து, காலை அடிப்போம். எங்கள் மாற்றி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக மாற்றிவைத்துவிட்டது. அக்கா அடிப்பது தமிழ்99 விசைப்பலகையில். 1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான அமைப்பு அது. அதில் ஓகாரம் ஒரே விசை, ஒரே குறி.

எண்களைப் போட்டதும் அந்தத் தமிழ் தெரியாத மனிதர் கொஞ்ச நேரத்தில் பதில் எழுதினார். 3015-உம் 3006-உம் சேர்ந்தது 3019-க்குச் சமம் என்று யூனிகோடே வரையறுத்திருக்கிறது, மலையாளத்திலும் வங்காளத்திலும் இதே போன்ற சோடிகள் உண்டு, ஒப்பிடுவதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார். பைத்தானில் அதற்கான கருவி கூடவே வருகிறது. யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பில் நார்மலைஸ் என்ற செயற்கூறு. என்எஃப்சி என்ற வடிவம் கேட்டால் பிரிந்து கிடப்பதைச் சேர்த்துத் தரும். ஒரே வரி.

அந்த ஒரு வரியில் 417 என்பது 236 ஆனது. 181 பேர் தாங்கள் கட்டிய சந்தாவை மறுபடி கட்டச் சொல்லும் அட்டையிலிருந்து தப்பினார்கள்.

ஏன் அவருக்குத் தெரிந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நானும் அக்காவும் ‘கோமதி’ என்று வாசித்தோம். வாசித்தவுடனே சொல் ஒன்றுதான் என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவர் முன்னால் இருந்தவை வெறும் எண்கள். எண்கள் வேறு வேறாக இருந்தன, அவ்வளவுதான்.

துணைக்கால் மேல் புள்ளி

மீதி 236-இல் பத்துப் பெயரை எடுத்து எண்களாக அச்சிட்டேன். இப்போது எனக்கே பார்க்கத் தெரிந்துவிட்டது. சுந்தர், பாஸ்கர், சேகர் என்று ‘ர்’-இல் முடிகிற பெயர்கள் ஏராளம். அவற்றில் 2992, அதாவது ரகரம், இருக்க வேண்டிய இடத்தில் 3006 இருந்தது. துணைக்காலைப் போட்டு அதன் மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். சுந்தா், பாஸ்கா், சேகா்.

இது சோம்பேறித்தனமில்லை. மெய்ப்பு ஐயாவிடம் காட்டியபோது அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்து விரித்தார். அந்தக் கால அச்சில் ‘ர்’ என்ற எழுத்துக்குக் கீழே சாய்ந்து இறங்கும் கோடு கிடையாது. நேர்க்கால், மேலே புள்ளி. பழகிய கை அப்படியே அடித்திருக்கிறது. பார்க்கிற கண்ணும் அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

யூனிகோடு இதைச் சமமாக ஏற்காது, நார்மலைஸ் தொடாது. ஆனால் திருத்துவது பாதுகாப்பான காரியம். தமிழில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. எங்கே 3006-ஐத் தொடர்ந்து 3021 வந்தாலும் அது ‘ர்’ என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாம். மாற்றினேன். 236 என்பது 152 ஆனது.

இந்தக் கட்டத்தில் என் திருத்தங்களை, பொய்ப் பெயர்களோடு, அதே இடத்தில் போட்டு, நன்றியும் சொன்னேன். வேலை கிட்டத்தட்ட முடிந்தது என்று நினைத்திருந்தேன். இன்னொருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டு திருத்தத்தையும் வரிசை மாற்றி ஓட்டிப் பார்த்தீர்களா?

பார்க்கவில்லை. வரிசை எப்படியானால் என்ன என்றிருந்தேன். ஆனாலும் முதலில் ‘ர்’ திருத்தம், அப்புறம் நார்மலைஸ் என்று மாற்றி ஓட்டினேன். 152 என்பது 149 ஆனது. மூன்று பேர் எங்கிருந்து வந்தார்கள்?

மெர்சி, பெர்னார்ட், சேர்மக்கனி. மூன்றையும் பார்த்தால் ‘ர்’ என்பதற்கு முன்னால் கொம்பு இருக்கிறது. மெர்சியைப் பழைய கை அடித்தால் ம, ஒற்றைக்கொம்பு, துணைக்கால், புள்ளி, அப்புறம் சி. இதை முதலில் நார்மலைஸிடம் கொடுத்தால் அது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் பக்கத்தில் பார்த்து, ஆஹா இது ஒகரம் என்று சேர்த்துவிடுகிறது. ‘மொ’ மேல் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு என் ‘ர்’ திருத்தம் வந்து தேடினால் துணைக்கால் அங்கே இல்லை. ரகரம் தொலைந்தே போய்விட்டது.

மூன்று பேர்தானே என்று விடலாம். எனக்கு அது மனசில் தைத்தது. சரியாக எழுதிய இரண்டு திருத்தங்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோதித்தவை, வரிசை தப்பியதால் ஒரு பெயரைக் கெடுத்திருக்கின்றன. அந்தக் கேள்வியை யாரும் கேட்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. இன்று என்னிடம் யாராவது உதவி கேட்டால் நானும் முதலில் இதைத்தான் கேட்கிறேன்.

இடையில் சில்லறை ஒன்று. 18 பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டியிருந்தன. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது வந்திருக்கும் அகலமில்லாத இணைப்புத் தடை, எண் 8204. சொற்களுக்கு நடுவே உடையாத இடைவெளி, எண் 160. ஸ்ட்ரிப் என்ற செயற்கூறு ஓரத்து இடைவெளிகளை மட்டும்தான் எடுக்கும். 8204-ஐ அது இடைவெளியாகவே கருதாது. தனியாக நீக்கினேன். 131 ஆனது.

கௌரியும் வெளிவட்டச் சாலையும்

அடுத்துச் சிக்கியது கௌரி. லேபிளில் கௌரி, சௌந்தரம், சௌமியா என்று பத்தொன்பது பேர். ரசீதில் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எண்களை அச்சிட்டேன். க 2965, ஒற்றைக்கொம்பு 3014, அப்புறம் 2995. அந்த 2995 என்ன என்று புரியவில்லை. ஔகாரக் குறி 3020. அதன் வலப்பக்கத் துண்டுக்கு மட்டும் 3031 என்று தனி எண் உண்டு. 2995 இரண்டுமில்லை.

இதை இணையத்தில் கேட்டேன். அங்கே இருந்தவர்கள் எண் சரியாகத்தான் இருக்கிறது, அது ஒரு முழு எழுத்து, குறியில்லை என்றார்கள். அதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஐயா மேசையில் மெய்ப்புத் தாள்களோடு இருந்தார். அவரிடம் போய் எண்களை எழுத்தாக வாசித்தேன்.

“ஐயா, க, ஒத்தக்கொம்பு, ள, ரி. இது என்னங்கய்யா?”

“நீயே சேத்துப் படி.”

“கெ... ள... ரி.”

“அதான். கௌரின்னு நெனச்சு கெளரி அடிச்சிருக்காங்க. பழைய மெஷின்ல ஔகாரத்துக்குக் கொம்பும் ளகரமும்தாம்ப்பா. எத்தன வருஷமா இதத் திருத்திட்டு இருக்கேன் தெரியுமா?”

நான் அங்கேயே நின்றபடி, அப்படியானால் கொம்புக்குப் பின் ளகரம் வந்தால் எல்லாவற்றையும் ஔகாரமாக மாற்றிவிடுகிறேன் என்றேன். ஐயா சிவப்பு மை பேனாவைக் கீழே வைத்தார்.

“மாத்துவே. வெளின்னு ஒரு சொல்லு இருக்கே, அது என்னாகும்? வெள்ளைச்சாமி என்னாவான்?”

மாற்றிப் பார்த்தேன். முகவரிப் பத்தியில் ‘வெளிவட்டச் சாலை’ என்று ஒன்று இருந்தது. அது ‘வௌ’ என்று ஆகி, அதன் பின்னால் இகரக் குறி ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாமல், ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கிக்கொண்டு நின்றது.

அரைமணி நேரம் இரண்டு பேரும் ஒரு தாளில் சொற்களாக எழுதினோம். வெளி, தெளிவு, வெள்ளி, வெளுப்பு, கெளுத்தி. இந்தப் பக்கம் கெளரி, செளந்தரம், மெளனம், வெளவால். ஐயாதான் வித்தியாசத்தைப் பிடித்தார். உண்மையான ளகரத்துக்குப் பின்னால் ஏதாவது ஒரு குறியோ புள்ளியோ வருகிறது, ளி, ளு, ள் என்று. ஔகாரத்துக்கு நின்ற ளகரம் மொட்டையாக நிற்கிறது. மொட்டையாக நின்று உண்மை ளகரமாகவும் இருப்பது உண்டா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, பேச்சில் ‘வெளக்கு’, ‘வெளங்குது’ என்போமே, கதையில் வரும், பெயரில் வராது என்றார். சரி, பெயருக்கும் முகவரிக்கும் இந்த விதி போதும்.

ஆக விதி இப்படி நின்றது. ஒற்றைக்கொம்பு, அடுத்து ள, அதற்கடுத்து எந்தக் குறியும் புள்ளியும் இல்லை என்றால் மட்டும் ஔகாரம். ஒற்றைக்கொம்புக்கு மட்டும் என்பது முக்கியம். இரட்டைக்கொம்பையும் சேர்த்துக்கொண்டால் வேளச்சேரியே போய்விடும். அங்கே ள மொட்டையாகத்தான் நிற்கிறது. விதியைப் போட்டு மொத்த முகவரிப் பத்தியையும் ஓட்டி, மாறிய சொற்களை மட்டும் அச்செடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். கௌரிவாக்கம் மாறியிருந்தது. வேளச்சேரியும் வெளிவட்டச் சாலையும் அப்படியே இருந்தன. தாளின் மூலையில் ஒரு டிக் போட்டுத் திருப்பித் தந்தார். 112 ஆனது.

கடைசியாக ஏழு பேர் ‘ஸ்ரீ’ போட்டவர்கள். அந்தக் கூட்டெழுத்தை ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம். முன்னதன் எண் 3000, பின்னது 2998. இந்த இரண்டாவது எழுத்து 2005-இல்தான் யூனிகோடில் சேர்ந்தது. அதனால் பழைய கோப்புகளில் ஒரு மாதிரியும் புதிய கைபேசிகளில் வேறு மாதிரியும் இருக்கிறது. படம் ஒன்றுதான். ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தேன். 105.

மூலக் கோப்பைத் தொடவில்லை

இந்தத் திருத்தங்களை எல்லாம் ஒப்பிடுவதற்கான சாவியில் மட்டுமே செய்தேன். லேபிள் கோப்பிலும் ரசீதிலும் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆசிரியர், அதையும் ஒரேயடியாகச் சுத்தம் பண்ணிவிடேன் என்றார். எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறார் என்பது அவருடைய விஷயம். என் விதியில் இன்னொரு மெர்சி மறைந்திருந்தால் மூலத்தில் அழிந்துபோவாள். சாவியில் தப்பு நேர்ந்தால் விதியைத் திருத்தி மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். ஓட்ட மூன்று விநாடிகூட ஆகாது.

கையால் பார்த்த 105

அந்த 105 பேரையும் ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். 44 பேர் சந்தா கட்டியவர்கள்தான். இங்கே ‘எஸ்.’ என்று இருந்த இனிஷியல் அங்கே ‘சு.’ என்று இருந்தது. லட்சுமி, லக்ஷ்மி, லெட்சுமி என்று மூன்று விதம். வீடு மாறிப் போனவர்கள் சிலர். மயிலாப்பூரில் 600004-இல் இருந்த ஒருவர் மகனோடு தி.நகர் 600017-க்குப் போயிருந்தார். இதற்கெல்லாம் தோராயமாகப் பொருத்தும் நிரல்கள் உண்டு என்று இணையத்தில் சொன்னார்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தேன். இரண்டு லட்சுமிகளை ஒருவராக்கிவிட்டால் ஒருவருக்கு இதழ் நின்றுபோகும். அக்காவுக்கு இவர்களில் பாதிப் பேரைக் குரலால் தெரியும். 44 பெயருக்கு அந்த நினைவுதான் நம்பகமான கருவி.

மீதி 61 பேர். உண்மையிலேயே புதுப்பிக்காதவர்கள். அவர்களுக்கு மட்டும் அட்டை போட்டோம். 417 அட்டை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசிரியர் கேட்டார். 356 பேர் போன் பண்ணியிருப்பாங்க சார், எல்லாம் எங்கிட்டதான் என்றார் அக்கா.

அதோடு முடிந்தது என்று கிளம்பும்போது ஒரு கணக்கு உறுத்தியது. லேபிளில் 1,426. புதுப்பிக்காதவர் 61 போனால் 1,365. ரசீதில் 1,391. அப்படியானால் பணம் கட்டியும் லேபிள் கோப்பில் இடம்பெறாதவர்கள் 26 பேர் இருக்க வேண்டும். இதுவரை நான் லேபிளிலிருந்து ரசீதை நோக்கி மட்டுமே தேடியிருந்தேன். திருப்பிப் போட்டு ஓட்டினேன். சரியாக 26 பெயர்கள் வந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள். பெயரை ரசீதில் எழுதியாயிற்று, லேபிளில் ஏற்றும் வேலை எங்கள் பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறது. சிலர் கட்டி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருவரும் கேட்டுப் போன் செய்யவில்லை.

முதல் ஓட்டத்திலேயே இதைப் பார்த்திருக்க முடியாது. அன்றைக்குத் திருப்பி ஓட்டியிருந்தால் இந்தப் பக்கமும் நூற்றுக்கணக்கில் பொய்ப் பெயர்கள் வந்திருக்கும். அவற்றுக்கு நடுவே இந்த 26 பேர் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை மாலை நான் போனபோது மேசை நிறைய உறைகள். ஒவ்வொன்றிலும் விட்டுப்போன இதழ்கள். ‘தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று அக்கா ஒவ்வொரு சீட்டையும் கைப்படவே எழுதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஐயா பசை தடவிக்கொண்டிருந்தார். நான் 26 பெயரையும் லேபிள் கோப்பில் ஏற்றி, அச்சிட்டு, தாளை அவரிடம் நீட்டினேன். வழக்கம்போல ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார்.